கையை நீட்டிப் பந்தை வாங்குகிறவர்

எங்கள் வீட்டுச் சமையலறையில், ரப்பர் பேண்டும் பழைய சாவிகளும் கிடக்கிற இழுப்பறைக்குள் ஒரு சின்ன எண்ணும் கருவி இருக்கிறது. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். கட்டைவிரலால் ஒருமுறை அமுக்கினால் ஒரு எண் கூடும். திருவிழாக் கூட்டத்தில் வாசலில் நின்று ஆள் எண்ணுகிறவர்கள் கையில் பார்த்திருப்பீர்கள், அதேதான். 2022 ஏப்ரலில் இருந்து அதில் 71 என்று நின்றுகொண்டிருந்தது. பேனா தேடும்போதும் டேப் தேடும்போதும் அது கையில் தட்டுப்படும். எண்ணைப் பார்ப்பேன், பழையபடி உள்ளே போட்டுவிடுவேன். பூஜ்ஜியத்துக்குத் திருப்ப பக்கவாட்டில் ஒரு திருகு இருக்கிறது. திருப்ப மனசு வந்ததில்லை.

அந்த 71 எண் வந்த கதை இது. ஹூஸ்டன் புறநகர்ப் பூங்கா ஒன்றில் 11, 12 வயதுப் பிள்ளைகள் ஆடும் பேஸ்பால் அணிக்கு நான் அந்த வருடம் பயிற்சியாளராக இருந்தேன். சம்பளம் கிடையாது, பெற்றோரில் யாராவது ஒருவர் முன்வந்து செய்கிற வேலை. என் மகனும் அந்த அணியில்தான் ஆடினான். பந்து வீசியது நண்பர் ஒருவரின் பையன். மதுரைப் பக்கத்துக் குடும்பம், எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. நல்ல கை அவனுக்கு. ஐந்தாவது இன்னிங்ஸில் 4-1 என்று முன்னால் இருந்தோம். எதிரணியில் இரண்டு பேர் ரன் எடுக்கிற வழியில், பேஸில் நின்றார்கள். அந்த வயதுப் பிள்ளைகள் ஒரு நாளில் 85 பந்துக்கு மேல் வீசக்கூடாது என்பது விதி. என் கையில் எண் 71. ஆனால் கடைசி நாலைந்து பந்துகளாக அவன் முழங்கை கீழே இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு பந்துக்குப் பிறகும் தோளை ஒருமுறை உருட்டிவிட்டுக்கொண்டான். நடுவரிடம் நேரம் கேட்டுவிட்டு நடந்து போனேன். என்னைப் பார்த்ததும் பந்தை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான். “அங்கிள், ப்ளீஸ், இன்னும் ஒரே ஒரு ஆள்.” நான் கையை நீட்டினேன். கொஞ்ச நேரம் அப்படியே நின்றான். பிறகு பந்தை என் உள்ளங்கையில் வைத்தான். அவன் வியர்வையில் அது ஈரமாக இருந்தது.

அடுத்து வந்த பையன் பாவம், பயந்துவிட்டான். 6-4 என்று தோற்றோம். கார் நிறுத்துமிடத்தில் அந்த நண்பர் என்னிடம் வந்தார். கோபமே இல்லாமல் சொன்னார், “என்னங்க, இன்னும் பதினாலு பந்து இருந்துச்சே.” அவ்வளவுதான். கோபித்திருந்தால் நானும் ஏதாவது பதில் சொல்லி இறக்கி வைத்திருப்பேன். அந்தப் பதினாலை இன்றுவரை இறக்கி வைக்க முடியவில்லை. அடுத்த பருவத்துக்குக் கூப்பிட்டபோது வேலை அதிகம் என்று சொல்லி ஒதுங்கிக்கொண்டேன்.

இப்போது மகளுக்குப் பத்து வயது. அவள் அணிக்கு ஆள் வேண்டும் என்று மறுபடி கேட்டிருக்கிறார்கள். பதில் எழுதாமல் பத்து நாள் ஓட்டிவிட்டேன். இந்தப் பத்து நாளும் என் மனசில் ஓடிக்கொண்டிருந்தவர் எங்கள் ஊர் ஆஸ்ட்ரோஸ் அணிக்கு மேனேஜராக இருந்த டஸ்டி பேக்கர். அவரைப் பற்றி எழுதாமல் என் பதிலை எழுத முடியாது என்று தோன்றுகிறது.

பேஸ்பாலில் மேனேஜர் என்றால் அலுவலகத்து மேனேஜர் இல்லை. கிரிக்கெட்டில் அணித்தலைவர் களத்துக்குள் நின்று செய்கிற வேலையில் பெரும்பகுதியை இங்கே மேனேஜர் டக்அவுட்டில், அதாவது களத்தோரம் அணி உட்காரும் இடத்தில், நின்று செய்கிறார். எழுபது வயதானாலும் ஆட்டக்காரர்களைப் போலவே சீருடை போட்டுக்கொண்டுதான் நிற்பார். யார் எந்த வரிசையில் அடிப்பது, யார் எங்கே நிற்பது எல்லாம் அவர் முடிவு. இதில் உயிரை வாங்குகிற முடிவு ஒன்றே ஒன்றுதான்: வீசிக்கொண்டிருக்கிற பிட்சரை எப்போது எடுப்பது. கிரிக்கெட்டில் ஒருவரிடமிருந்து பந்தை வாங்கினால் ஐந்து ஓவர் கழித்துத் திரும்பக் கொடுக்கலாம். இங்கே வெளியே போனவர் அன்றைக்குத் திரும்ப வர முடியாது. டக்அவுட்டிலிருந்து மவுண்ட் என்கிற அந்த மண்மேடு வரை அத்தனை பேர் பார்க்க நடந்து போய், கையை நீட்டி, பந்தை வாங்கிக்கொள்ள வேண்டும். முக்கியமான ஆட்டம் என்றால் அந்த நடை பல கோடிப் பேருக்குத் தெரியும். எடுத்தால் ஏன் எடுத்தாய், விட்டால் ஏன் விட்டாய். இந்த இரண்டு கேள்விக்கு நடுவில்தான் ஒரு மேனேஜரின் மொத்த வாழ்க்கையும் இருக்கிறது.

2020 ஜனவரி கடைசியில் ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் அணிக்கு டஸ்டி பேக்கரை நியமித்தார்கள். அப்போது அவருக்கு 70 வயது. அந்த வாரம் பியர்லேண்டு மீனாட்சி கோயிலில் நாலு பேர் சாப்பிட்டுக்கொண்டே பேசிக்கொண்டிருந்தோம். “நல்ல மனுஷன்தான். ஆனா பெரிய ஆட்டத்துல ஜெயிக்க வைக்கத் தெரியாது. எடுக்க வேண்டிய நேரத்துல எடுக்க மாட்டார், விட வேண்டிய நேரத்துல எடுத்துடுவார்” என்று நான்தான் சொன்னேன். தயிர்சாதத்தைப் பிசைந்துகொண்டே, தீர்ப்பு எழுதுகிற நீதிபதி மாதிரி சொன்னேன். அன்றைக்கு எல்லோரும் தலையாட்டினார்கள். அமெரிக்காவில் பேஸ்பால் பார்ப்பவர்களில் பாதிப்பேர் அப்போது அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்த வாக்கியம் எனக்கே திரும்பி வர இரண்டு வருடம் ஆனது.

எட்டு அவுட், ஐந்து அவுட்

நான் அப்படிச் சொன்னதற்கு என்ன ஆதாரம் என்று பார்த்தால், இரண்டே இரண்டு இரவுகள்.

முதல் இரவு 2002 அக்டோபர் 26. சான் பிரான்சிஸ்கோ ஜயண்ட்ஸ் அணிக்கு அவர் மேனேஜராகிப் பத்து வருடம் ஆகியிருந்தது. முதல் வருடமான 1993-லேயே 103 ஆட்டங்களில் ஜெயிக்க வைத்தார். அட்லாண்டா 104 ஜெயித்ததால் ஒரே ஓர் ஆட்ட வித்தியாசத்தில் பிளேஆஃப் என்கிற இறுதிச் சுற்றுகளுக்குப் போகவில்லை. ஆண்டின் சிறந்த மேனேஜர் விருது மூன்று முறை கிடைத்தது. 2001 கடைசியில் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை செய்துகொண்டு, அடுத்த பருவத்தில் அணியைப் பட்டத்துக்கான கடைசித் தொடரான வேர்ல்ட் சீரிஸ் வரை கொண்டுவந்திருந்தார். அதில் நாலு ஆட்டம் ஜெயிப்பவருக்குப் பட்டம். அனஹைம் ஏஞ்சல்ஸுக்கு எதிராக 3-2 என்று முன்னிலை. ஆறாவது ஆட்டத்தின் ஏழாவது இன்னிங்ஸில் 5-0. ஓர் ஆட்டத்துக்கு ஒன்பது இன்னிங்ஸ், ஒவ்வொன்றிலும் ஓர் அணிக்கு மூன்று அவுட். இன்னும் எட்டு அவுட் எடுத்தால் கோப்பை. ரஸ் ஒர்டிஸ் அருமையாக வீசிக்கொண்டிருந்தார். அடுத்தடுத்து இரண்டு பேர் அடித்து பேஸுக்குப் போனார்கள். பேக்கர் நடந்து போய் பந்தை வாங்கினார். வாங்கிய பந்தை, ஞாபகமாக வைத்துக்கொள் என்று, ஒர்டிஸ் கையிலேயே திருப்பிக் கொடுத்து அனுப்பினார்.

அடுத்து வந்தவர் ஃபெலிக்ஸ் ரோட்ரிகஸ். அவர் பந்தில் ஸ்காட் ஸ்பீசியோ ஹோம் ரன் அடித்தார். சிக்ஸர் மாதிரி சுவரைத் தாண்டுகிற அடி அது, பேஸில் நின்ற இருவரோடு சேர்த்து மூன்று ரன். எட்டாவது இன்னிங்ஸில் இன்னும் மூன்று ரன். 6-5 என்று தோற்றார்கள். மறுநாள் ஏழாவது ஆட்டமும் போனது. அந்தப் பந்தைத் திருப்பிக் கொடுத்த காட்சியைத் தொலைக்காட்சிகள் திரும்பத் திரும்பப் போட்டன. ஜெயிப்பதற்கு முன்னாலேயே கொண்டாடினார், எதிரணியைச் சீண்டிவிட்டார் என்று எழுதினார்கள். நானும் பல வருடம் அப்படித்தான் நினைத்தேன்.

இரண்டாவது இரவு 2003 அக்டோபர் 14. ஒரே வருடத்தில் அவர் சிகாகோ கப்ஸுக்கு மாறியிருந்தார். 1908-க்குப் பிறகு பட்டம் வாங்காத அணி, 1945-க்குப் பிறகு வேர்ல்ட் சீரிஸ் பக்கமே போகாத அணி. லீக் இறுதியின் ஆறாவது ஆட்டம், எட்டாவது இன்னிங்ஸ், ஃப்ளோரிடா மார்லின்ஸுக்கு எதிராக 3-0. ஐந்து அவுட் எடுத்தால் வேர்ல்ட் சீரிஸ். மார்க் பிரையர் அதுவரை மூன்று ஹிட் மட்டுமே, அதாவது அடித்து பேஸுக்குப் போக மூன்று முறை மட்டுமே இடம் கொடுத்து, வீசிக்கொண்டிருந்தார். லூயிஸ் காஸ்டியோ அடித்த பந்து இடது பக்கக் கோட்டுக்கு வெளியே, ரசிகர்கள் இருக்கும் சுவரோரமாக இறங்கியது. மொய்செஸ் அலூ எம்பினார். அதே நேரத்தில் முன்வரிசை ரசிகர்களும் கையை நீட்ட, ஒருவர் கையில் பட்டு பந்து தெறித்தது. அலூ பிடித்திருந்தால் அவுட். அதன்பிறகு ஷார்ட்ஸ்டாப் என்கிற இடத்தில் நின்ற அலெக்ஸ் கொன்சாலஸ் கைக்கு வந்த சுலபமான பந்தையும் நழுவவிட்டார். பிரையர் தடுமாறுவது எல்லோருக்கும் தெரிந்தது. பேக்கர் டக்அவுட்டிலேயே நின்றார். டெரெக் லீ அடித்து 3-3 ஆன பிறகுதான் நடந்து போனார். அந்த இன்னிங்ஸில் எட்டு ரன். 8-3 தோல்வி. மறுநாளும் தோல்வி.

ஒரு வருடம் எடுத்ததற்காகத் திட்டு. மறு வருடம் எடுக்காததற்காகத் திட்டு. இரண்டு முடிவும் ஒரே மனிதரின் ஒரே மனசிலிருந்து வந்தவை. முந்தைய வருடம் எடுத்துப் பட்டதனால் அடுத்த வருடம் கால் நகரவில்லையா? அது எனக்குத் தெரியாது. ஆனால் அந்தப் பூங்காவில் நான் நடந்த அந்த முப்பது நாற்பது அடியை நினைத்துப் பார்க்கிறபோது, சூடு பட்ட கால் எப்படித் தயங்கும் என்று ஓரளவு புரிகிறது. 2007 ஜோகன்னஸ்பர்க்கில் கடைசி ஓவரை ஜோகிந்தர் சர்மாவிடம் தோனி கொடுத்ததை நாம் இன்றும் சொல்லிச் சொல்லி மகிழ்கிறோம். மிஸ்பா தூக்கிய பந்து ஸ்ரீசாந்த் தலைக்குமேல் இன்னும் கொஞ்சம் பறந்திருந்தால் அதே முடிவை என்னவென்று சொல்லியிருப்போம்? முடிவு எடுத்த நொடியில் தோனிக்குத் தெரிந்திருந்தது கண்முன் இருந்தது மட்டும்தான். பந்து எங்கே விழும் என்பது அதில் சேர்த்தி இல்லை.

இதைச் சொல்லும்போது, பேக்கர் மீது இருக்கிற ஒரு குற்றச்சாட்டை நான் தள்ளிவிட விரும்பவில்லை. பிரையருக்கு அப்போது 23 வயது. அந்த செப்டம்பரில் பல ஆட்டங்களில் அவரை 120 பந்துக்கு மேல் வீச வைத்தார்கள். பிரையர் கடைசியாகப் பெரிய லீக்கில் வீசியது 2006-இல், 25 வயதில். தோளும் முழங்கையும் கைவிட்டன. அதற்கு வேறு காரணங்களும் உண்டு. 2003-இல் ஓடும்போது ஓர் ஆட்டக்காரரோடு மோதி விழுந்தார், 2005-இல் அடித்த பந்து நேராக வந்து முழங்கையை உடைத்தது. பிரையரே பிற்காலத்தில் பேக்கரைக் குறை சொல்லவில்லை. டாட்ஜர்ஸ் அணியின் பிட்சிங் பயிற்சியாளராகி நல்ல பெயரும் எடுத்தார். இருந்தாலும், அந்த இளம் கைக்கு அந்த வருடம் பாரம் அதிகம் என்றுதான் நான் இன்றும் நினைக்கிறேன். என்னை அன்றைக்கு 71-இல் நடக்க வைத்ததில் பிரையரின் கதைக்கும் பங்கு உண்டு. பிள்ளைகளுக்குப் பந்துக் கணக்கு வைக்கிற வழக்கமே இப்படிப் பழுதான கைகளைப் பார்த்துப் பார்த்து வந்ததுதான்.

போகச் சொன்ன இடங்கள்

அதன்பிறகு நடந்ததைச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் அது ஒரே மாதிரிதான் போகும். கப்ஸ் 2006-இல் அனுப்பிவிட்டது. சின்சினாட்டி ரெட்ஸில் ஆறு வருடம். 2012-இல் பருவத்தின் கடைசிக் கட்டத்தில் இதயத் துடிப்புக் கோளாறும் சின்னதாகப் பக்கவாதமும் வந்து, தேறி, பிளேஆஃபுக்குத் திரும்பினார். ஐந்து ஆட்டத் தொடரில் முதல் இரண்டை வென்றுவிட்டு, சொந்த ஊரில் மூன்றையும் தன் பழைய ஜயண்ட்ஸிடமே தோற்றார். 2013-இல் 90 ஆட்டங்கள் ஜெயித்தும் வேலை போனது. வாஷிங்டன் நேஷனல்ஸில் 2016-இல் 95 வெற்றி, 2017-இல் 97 வெற்றி. இரண்டு வருடமும் ஐந்தாவது ஆட்டத்தில் ஒரே ரன்னில் வெளியேறினார்கள். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. இரண்டு வருடம் கழித்து அதே நேஷனல்ஸ் வேறு ஒருவர் தலைமையில் பட்டம் வென்றது.

போன இடமெல்லாம் அணியைத் தூக்கி நிறுத்தியிருக்கிறார். ஐந்து வெவ்வேறு அணிகளை பிளேஆஃபுக்குக் கொண்டுபோன முதல் மேனேஜர் அவர்தான். ஓர் இடத்தில் வேலை போனால் அடுத்த இடத்தில் நம்பிக் கூப்பிடுகிறார்கள் என்றால், ஆட்டக்காரர்கள் அவரைப் பற்றி ஏதோ ஒன்றைச் சொல்லியிருக்கிறார்கள் என்று அர்த்தம். நாங்கள் சாப்பிட்டுக்கொண்டே அதைப் பேசவில்லை. மோதிரம் இல்லை என்பதை மட்டும் பேசினோம். இங்கே வேர்ல்ட் சீரிஸ் வென்றவர்களுக்கு மோதிரம் கொடுப்பார்கள், அதனால் பட்டம் என்பதற்கே மோதிரம் என்றுதான் பேச்சு. ஆட்டக்காரராக அவருக்கு ஒரு மோதிரம் இருந்தது, 1981-இல் டாட்ஜர்ஸோடு. மேனேஜராக இல்லை.

அவருடைய இளமைக்கும் கொஞ்சம் போக வேண்டும். 19 வயதில் அட்லாண்டா பிரேவ்ஸ் அணிக்குள் வந்தபோது, இந்தப் பையனைப் பார்த்துக்கொள்கிறேன் என்று அவருடைய அம்மாவிடம் வாக்குக் கொடுத்தவர் அந்த அணியின் நட்சத்திரம் ஹாங்க் ஆரன். 1974 ஏப்ரல் 8 அன்று ஆரன் தன் 715-ஆவது ஹோம் ரன்னை அடித்து பேப் ரூத்தின் சாதனையை முறியடித்தபோது, அடுத்து அடிக்க மட்டையோடு காத்து நின்றவர் 24 வயது பேக்கர். அந்தச் சாதனையை நெருங்கியதற்காக ஆரனுக்குக் கொலை மிரட்டல் கடிதங்கள் மூட்டை மூட்டையாக வந்தன. கறுப்பர் ஒருவர் இந்த ஆட்டத்தில் உயரப் போனால் என்னென்ன தாங்க வேண்டியிருக்கும் என்பதைப் பேக்கர் பக்கத்திலிருந்து பார்த்தவர். மேனேஜர் நாற்காலியில் கறுப்பர் முகம் ஒன்றைப் பார்க்க வேண்டும் என்று, பெரிய லீக்கில் நிறத் தடையை உடைத்த ஆட்டக்காரர் ஜாக்கி ராபின்சன் 1972 வேர்ல்ட் சீரிஸில் பேசிவிட்டு ஒன்பது நாளில் இறந்துபோனார். முதல் கறுப்பின மேனேஜராக ஃபிராங்க் ராபின்சன் வந்தது 1975-இல். அந்த வரிசையில் வந்த பேக்கர் 2022 மே மாதம் 2,000 வெற்றிகளைத் தொட்டார். அந்த எண்ணைத் தொட்ட முதல் கறுப்பின மேனேஜர் அவர்தான்.

ஆரஞ்சுச் சட்டை

ஹூஸ்டனுக்கு அவரை ஏன் கூப்பிட்டார்கள் என்பதை இங்கிருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2017-இல் நாங்கள் தெருவில் இறங்கிக் கொண்டாடிய பட்டம் கறைபட்டுப்போயிருந்தது. அடுத்து எந்த மாதிரி பந்து வீசுவது என்று எதிரணி பிட்சருக்கு கேட்சர் (நம் விக்கெட் கீப்பர் மாதிரி) காட்டும் சைகைகளைக் கேமரா வைத்துப் பார்த்து, குப்பைத் தொட்டியைத் தட்டி நம் ஆட்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள் என்பது விசாரணையில் உறுதியானது. மேனேஜரும் பொது மேலாளரும் ஒரே நாளில் வெளியே போனார்கள். என்னிடம் ஆரஞ்சு நிறச் சட்டை ஒன்று இருந்தது. வெளியூர் போகும்போது அதைப் பெட்டியில் வைப்பதை நிறுத்தினேன். பிறகு உள்ளூரிலும் போடவில்லை. மகன் மட்டும் பிடிவாதமாகத் தன்னுடையதைப் போட்டுக்கொண்டு திரிந்தான். பள்ளியில் யாரோ அவனைப் பார்த்துக் குப்பைத் தொட்டியைத் தட்டியிருக்கிறார்கள். வீட்டுக்கு வந்து அழுதான்.

அந்த அணிக்குள் வந்து நின்றவர் பேக்கர். அவர் செய்யாத தப்புக்கு ஊர் ஊராக வசை கேட்டார். வாயில் பல்குச்சியைக் கடித்துக்கொண்டு, புகையிலையை விட்ட நாளிலிருந்து அவருக்கு அதுதான் பழக்கம், டக்அவுட் படியில் நின்றுகொண்டிருப்பார். 2020-இல் டாம்பா பேயிடம் முதல் மூன்று ஆட்டத்தைத் தோற்று, அடுத்த மூன்றை வென்று, ஏழாவதில் தோற்றார்கள். 2021-இல் வேர்ல்ட் சீரிஸ் போய், அவருடைய முதல் அணியான அட்லாண்டாவிடமே தோற்றார்கள். ஹாங்க் ஆரன் அந்த வருட ஜனவரியில்தான் இறந்திருந்தார். “பார்த்தியா, சொன்னேன்ல” என்று கோயில் நண்பர்களில் ஒருவர் எனக்குச் செய்தி அனுப்பினார். என் வாக்கியத்தை என்னிடமே திருப்பிச் சொன்னார். என்ன பதில் போட்டேன் என்று நினைவில்லை, ஆனால் சந்தோஷப்படவில்லை.

70 பந்து

2022-இல் மறுபடி வேர்ல்ட் சீரிஸ். எதிரே ஃபிலடெல்ஃபியா ஃபில்லீஸ். நாலாவது ஆட்டத்தில் நம் கிறிஸ்டியன் ஹாவியர் ஆறு இன்னிங்ஸ் வீசி ஒரு ஹிட் கூடக் கொடுக்கவில்லை. 97 பந்து ஆகியிருந்தது. வேர்ல்ட் சீரிஸ் வரலாற்றில் ஒரு ஹிட்டும் கொடுக்காமல் முழு ஆட்டத்தையும் தனியாக வீசி முடித்தவர் 1956-இல் டான் லார்சன் ஒருவர்தான். பேக்கர் ஹாவியரை எடுத்துவிட்டார். நான் சோபாவிலிருந்து எழுந்துவிட்டேன். ஒருவேளை அடுத்து வருபவர் அடி வாங்கினால் 2002-ஐ இன்னும் இருபது வருடத்துக்குப் போட்டுக் காட்டுவார்கள். அது அவருக்குத் தெரியாதா? தெரிந்தும் எடுத்தார். அடுத்து வந்த மூன்று பேரும் ஹிட் கொடுக்காமல் முடித்தார்கள்.

ஆறாவது ஆட்டம் நவம்பர் 5, சனிக்கிழமை இரவு, ஹூஸ்டனில். வீட்டில் நாலு பேரும் டிவி முன்னால். ஆறாவது இன்னிங்ஸில் கைல் ஷ்வார்பர் ஹோம் ரன் அடித்து ஃபில்லீஸ் 1-0. நம் முறை வந்தது. ஃபில்லீஸுக்கு வீசிக்கொண்டிருந்தவர் ஸாக் வீலர். அன்றைக்கு அவரைத் தொடவே முடியவில்லை. மால்டொனாடோ மேல் பந்து பட்டு ஒருவர் பேஸில், ஓர் அவுட், பிறகு பேன்யா ஒரு ஹிட். அடுத்து யோர்டான் அல்வாரெஸ், இடதுகை ஆட்டக்காரர். அப்போதைய ஃபில்லீஸ் மேனேஜர் ராப் தாம்சன் டக்அவுட்டிலிருந்து வெளியே நடந்து வந்தார். திரையின் ஓரத்தில் வீலரின் பந்துக் கணக்கு: 70.

என் உடம்பு சில்லிட்டது. என் வீட்டு இழுப்பறைக்குள் 71.

தாம்சன் கையை நீட்டினார். வீலர் பந்தைக் கொடுத்தார். இடதுகை ஆட்டக்காரருக்கு இடதுகை பிட்சர் என்பது இந்த ஆட்டத்தில் பாலபாடம். ஹோசே அல்வராடோ வந்தார். அல்வாரெஸ் அடித்த பந்து நடு மைதானத்தின் பின்சுவரைத் தாண்டி, அதற்குப் பின்னால் இருக்கும் கறுப்புத் திரையையும் தாண்டிப் போனது. 450 அடி. மூன்று ரன். மகன் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. என் மனைவி எழுந்து குதித்தாள். நான் மட்டும் உட்கார்ந்தபடி தாம்சனையே பார்த்துக்கொண்டிருந்தேன். காமிரா ஒரு நொடி அவர் பக்கம் போய்விட்டு நகர்ந்தது.

“என்னங்க, ஜெயிக்கப் போறோம், ஏன் இப்படி உக்காந்திருக்கீங்க?” என்றாள் மனைவி. “அவர் பண்ணது தப்பில்ல” என்றேன். யாரைச் சொல்கிறேன் என்று அவளுக்குப் புரியவில்லை. அந்த நேரத்தில் எனக்குமே மூன்று பேர் கலந்துபோயிருந்தார்கள். இப்போது முகம் தொங்கி நிற்கிற தாம்சன், இருபது வருடத்துக்கு முன்னால் ஒர்டிஸிடம் பந்தை வாங்கிய பேக்கர், ஏப்ரலில் ஒரு பையனிடம் கையை நீட்டிய நான். மூன்று பேரும் செய்தது ஒரே காரியம். 2002-இல் அந்தக் காரியம் பேக்கரின் பட்டத்தைப் பறித்தது. 2022-இல் எதிராளி அதையே செய்ததால் பட்டம் அவர் கைக்கு வந்தது. அந்த ஹோம் ரன்னுக்காக பேக்கர் தனியாக எதையும் செய்யவில்லை. அல்வாரெஸை அடிக்க அனுப்பினார், அவ்வளவுதான். அப்படியென்றால் 2002-இல் இருந்ததை விட 2022-இல் அவர் எந்த வகையில் சிறந்த மேனேஜர்?

ஒன்பதாவது இன்னிங்ஸ். 4-1. கடைசி அவுட். நிக் காஸ்டெல்லானோஸ் அடித்த பந்து வலது பக்கக் கோட்டுக்கு வெளியே போனது. ஃபவுல் பந்து. சுவரை நோக்கி கைல் டக்கர் ஓடினார். 2003-ஐப் பார்த்த எவருக்கும் அந்த இரண்டு மூன்று நொடி மூச்சு வந்திருக்காது. டக்கர் பிடித்தார். குறுக்கே யார் கையும் வரவில்லை.

73 வயதில் பேக்கருக்கு மேனேஜராக முதல் பட்டம். வேர்ல்ட் சீரிஸ் வென்றவர்களில் அதுவரை மூத்த மேனேஜர் ஜாக் மெக்கியன், 72 வயதில், 2003-இல், மார்லின்ஸோடு. அதாவது அந்த எட்டாவது இன்னிங்ஸில் பேக்கருக்கு எதிர் டக்அவுட்டில் நின்ற மனிதர்.

மறுநாளிலிருந்து எழுதினார்கள்: கடைசியில் பேக்கர் நிரூபித்துவிட்டார். அந்த வார்த்தைதான் எனக்கு இன்றுவரை உறுத்துகிறது. என்ன நிரூபித்தார்? முந்தைய நாள் சாயங்காலம் 2,093 வெற்றிகளோடு இருந்த மனிதர்தான் மறுநாள் காலையும் இருந்தார். வீலர் இன்னும் ஓர் ஆளுக்கு வீசி, அல்வாரெஸ் சும்மா ஒரு பந்தைத் தரையில் தட்டிவிட்டிருந்தால், ஏழாவது ஆட்டம் போய்த் தோற்றிருந்தால், அவர் கெட்டுப்போயிருப்பாரா? நான் சாப்பாட்டு மேசையில் சொன்ன வாக்கியம் அவர் ஜெயித்ததால் பொய்யாகவில்லை. சொன்ன அன்றைக்கே அது பொய். ஜெயித்த பிறகு அவரைப் புகழ்ந்தவர்களும் நான் அளந்த அதே படியால்தான் அளந்தார்கள். இதை அந்த நண்பர்களிடம் சொல்லிப் பார்த்தேன். ஜெயிச்சாச்சுல்ல, இன்னும் என்ன என்றார்கள்.

ஒர்டிஸ் கையில் பந்தைத் திருப்பிக் கொடுத்ததைப் பற்றியும் என் எண்ணம் மாறிவிட்டது. மீசையை முறுக்கவா கொடுத்தார்? நன்றாக உழைத்த ஒருவனை வெறுங்கையோடு அனுப்ப அவருக்கு மனசு வரவில்லை, அவ்வளவுதான் என்று இப்போது நினைக்கிறேன். அந்தத் தொடரின் ஐந்தாவது ஆட்டத்தில் மட்டை எடுக்க ஓடிய பேக்கரின் மூன்று வயது மகன் டேரன், ஓடிவரும் ஆட்டக்காரர்கள் காலில் மிதிபடப் போனான். ரன் எடுக்க ஓடிவந்து ஹோம் பேஸைத் தொட்டபடியே ஜே.டி. ஸ்னோ அவன் சட்டையைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போனார். சின்னப் பிள்ளையைக் களத்தருகில் விடலாமா என்று அதற்கும் திட்டினார்கள், அது நியாயமான திட்டு, விதியையும் மாற்றினார்கள். ஆனால் டக்அவுட்டை வீடு மாதிரி வைத்திருந்த மனிதர் அவர். எனக்கு அன்றைக்குப் பூங்காவில் அது தோன்றவில்லை. பந்தை வாங்கி அடுத்த பையனிடம் கொடுத்துவிட்டு, தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுத் திரும்பிவிட்டேன். நீ நன்றாக வீசினாய் என்று வாய் திறந்து சொல்லவில்லை. ஆட்டம் முடிந்ததும் தோற்ற வருத்தத்தில் என்னை நானே பார்த்துக்கொண்டிருந்தேன். 71-இல் எடுத்ததற்காக நான் வருந்தவில்லை. இன்றைக்கும் எடுப்பேன். வருத்தம் இதில்தான்.

2023 அக்டோபர் 23. லீக் இறுதியின் ஏழாவது ஆட்டம், ஹூஸ்டனில், டெக்சஸ் ரேஞ்சர்ஸுக்கு எதிராக. எதிர் டக்அவுட்டில் புரூஸ் போச்சி, 2012-இல் பேக்கரின் ரெட்ஸைச் சாய்த்த அதே மனிதர். முந்தைய வருடம் ஹிட் கொடுக்காமல் வீசிய ஹாவியர்தான் அன்றைக்குத் தொடங்கினார். ஒரே ஓர் அவுட் எடுப்பதற்குள் மூன்று ரன் போய்விட்டது. முதல் இன்னிங்ஸே முடியவில்லை. 74 வயது பேக்கர் படியேறி வந்தார். மவுண்டுக்குப் போனார். பந்தை வாங்கினார். 11-4 என்று தோற்றார்கள். அந்த வாரமே ஓய்வு பெறுவதாகச் சொன்னார். 26 பருவங்கள், 2,183 வெற்றிகள். அன்றைக்குத் தோற்றதற்காக அவரை யாரும் பெரிதாகத் திட்டவில்லை. அதுதான் மோதிரம் இருக்கிறதே.

நேற்று இரவு பதில் எழுதி அனுப்பிவிட்டேன். வருகிறேன் என்று. மகள் அணியில் இருப்பவர்களுக்கு ஒரு நாளைக்கு 75 பந்துதான். காலையில் அந்தக் கருவியை எடுத்து வைக்கலாம் என்று இழுப்பறையைத் திறந்தேன், காணோம். மகள் அதை எடுத்துக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்து, ஜன்னல் வழியாகத் தெருவில் போகிற கார்களை எண்ணிக்கொண்டிருந்தாள். வாங்கிப் பார்த்தேன். 94 என்று காட்டியது.